நாலு டின் தார்

உள்ளங்கால் வேகத் தொடங்கினால் மணி ஒன்று ஆகிவிட்டது என்று அர்த்தம். எனக்குக் கடிகாரம் தேவையில்லை. தார் ரோடு போடுகிற வேலை. காலையில் பூட்ஸுக்குள் சாக்குத் துண்டை மடித்து வைத்துக்கொண்டு இறங்குவோம். பத்து மணிக்குச் சாக்கு சூடாகும், பன்னிரண்டுக்கு பூட்ஸின் அடி இளகும், ஒரு மணிக்குக் காலே வேகும். பதினெட்டு வருஷமாக வேகிறது. சாயங்காலம் வாளித் தண்ணீரில் காலை விட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. அப்புறம் முழங்கால் வரைக்கும் ஒரு வலி ஏறும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு அப்படி உட்கார்ந்திருந்தபோது என் மனைவி அப்பாவின் மூச்சு மெஷின் முன்னால் குந்தி, அதன் அடியில் இருந்த சின்னக் கண்ணாடிக்குள் எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, போன திங்கக்கிழமை இதுல மூவாயிரத்து நூத்தி இருபது இருந்துச்சு. இன்னைக்கு மூவாயிரத்து நூத்தித் தொண்ணூத்தி ஏழு."

"அதுக்கு என்ன?"

"என்னவா? இது எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுற நம்பர். ஏழு நாள்ல எழுபத்தேழு மணி நேரம் ஓடியிருக்கு. டாக்டர் சொன்னது ஒரு நாளைக்குப் பதினாறு."

அவள் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கிற இடத்தில் வேலை செய்கிறாள். அங்கே ஒவ்வொரு பெரிய மெஷினிலும் அப்படி ஒரு மணிக்கணக்கு இருக்குமாம். வேலை முடிந்து கிளம்பும்போது நோட்டில் குறிப்பது இவள் பொறுப்பு. வீட்டு மெஷினிலும் அதே மாதிரி ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்ததைச் சும்மா விடுகிற ஆள் இல்லை.

"ஒரு நாளைக்குப் பதினோரு மணி நேரம். நாம வீட்டுல இருக்கிற நேரம் மட்டும். நாம வாசல் தாண்டினதும் ஆஃப் ஆகுது."

இரண்டு பேரும் கட்டிலைப் பார்த்தோம். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறவர் மூச்சு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். இது தூங்குகிறவர் மூச்சு இல்லை.

"மாமா," என்றாள் அவள். "நீங்கதான் ஆஃப் பண்றீங்களா?"

அப்பா தலையணைக்குப் பக்கத்தில் இருந்த கரண்டியை எடுத்து ஜன்னல் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார்.

அவர் முப்பத்தொரு வருஷம் கல் உடைக்கிற கிரஷரில் வேலை செய்தவர். கிரஷர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதில் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பேச்சு எல்லாம் இரும்பில்தான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் ஓட்டு. அந்த முப்பத்தொரு வருஷத்துக் கல்தூள் அவர் நெஞ்சுக்குள் இருக்கிறது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் காட்டினார். ரோட்டில் ஜல்லியைக் கொட்டிப் பரப்பிய மாதிரி இருந்தது. எனக்குப் பழக்கமான காட்சி. மூச்சு குறைந்த பிறகு அப்பா வீட்டிலும் இரும்பில் பேச ஆரம்பித்துவிட்டார். காற்று மிச்சம்.

ஒரு தட்டு. நிறுத்து, அதைப் பற்றிப் பேசாதே.

"நிறுத்த மாட்டேன் மாமா," என்று அவர் விரலை இழுத்து அதில் ஆக்ஸிஜன் அளக்கிற கிளிப்பை மாட்டினாள். எண்பத்து நாலு காட்டியது. தொண்ணூறுக்குக் கீழே போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருடைய நகம் பேனா மை பட்ட மாதிரி இருந்தது.

அப்பா எழுந்து உட்கார்ந்து தலையணை உறையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். கரண்ட் பில்கள்.

"இது மெஷின் வர்றதுக்கு முன்னாடி," என்றார். மூச்சு வாங்கினார். "இது வந்ததுக்கு அப்புறம்." மறுபடி வாங்கினார். "மூணு மடங்கு."

"அதை நான் கட்டுறேன்பா. நீங்க ஏன் பாக்கணும்?"

"நீ எப்படிக் கட்டுற? ஞாயித்துக்கிழமையும் தாருல நிக்குற. காலை வாளில விட்டுக்கிட்டு பல்லைக் கடிக்கிற. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. மூச்சுதான் இல்ல."

"அதுக்காக?"

"ஆள் சும்மா உக்காந்திருக்கிறப்ப மெஷின் எதுக்குடா ஓடணும்? கிரஷர்ல அப்படி ஓட்டினா மேஸ்திரி செருப்பால அடிப்பான்."

"இது கல் உடைக்கிற மெஷின் இல்ல மாமா," என்றாள் அவள்.

"மீட்டருக்கு அது தெரியாதும்மா."

அப்புறம்தான் அந்தக் கணக்கைச் சொன்னார். எங்கள் வீட்டு மீட்டர் பழசு. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அலுமினியத் தட்டு படுத்தவாக்கில் சுற்றும். விளிம்பில் ஒரு கருப்புப் புள்ளி. நாங்கள் வேலைக்குப் போன பிறகு அப்பா அதன் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். கிரஷரில் லாரி நடை எண்ணியவர், எண்ணாமல் இருக்க முடியாது.

"புள்ளி போய்த் திரும்பி வர்றதுக்குள்ள நான் அஞ்சு மூச்சு விடறேன். அஞ்சே அஞ்சு. சுவிட்சை அணைச்சா தட்டு பொணம் மாதிரி நகருது. அப்ப அத்தனையும் தின்னுறது எது? நான்தானே? நான் மூச்சு விட விட உன் கால் வேகுது."

நான் கத்தினேன். கத்தி முடித்ததும் அவர் நிதானமாகச் சொன்னார். "ஒரு சுத்துக்கு இருபது மூச்சு வரட்டும். அப்புறம் நான் சுவிட்சுப் பக்கம் போக மாட்டேன். அதுக்குக் கீழன்னா அணைப்பேன். நீங்க வீட்டுல இல்லாத நேரம் நீங்க என்ன பண்ணுவீங்க?"

கல் விலை பேசுகிற மாதிரி பேசினார். என் மனைவி மட்டும் தலையை ஆட்டினாள். "இருபது. சரி மாமா. பேச்சு மாறக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. அவள் தம்பி வந்தான். டைல்ஸ் ஒட்டுகிறவன். எந்த வேலைக்குப் போனாலும் நூல் கட்டாமல் ஒரு கல்லைக்கூட வைக்க மாட்டான். அதனால் அவன் பேரே நூலு. அக்கா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அப்பாவின் கட்டிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"மச்சான், மெஷினும் ஏசியும் ஒரே போர்டுலயா மாட்டியிருக்கீங்க? ரெண்டுக்கும் ஒரே சுவிட்சு?"

"ஒரு போர்டு மிச்சம்னு போட்டேன்."

"அப்ப மாமா அணைக்கிறது ரெண்டையும். ஓட்டுறதும் ரெண்டையும்."

மூச்சு மெஷின் வந்த மாசமே அந்த ஏசியும் வந்தது. அறை குளிர்ச்சியாக இருந்தால்தான் இவருக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால், ஆஸ்பத்திரியில் கழித்துக் கட்டிய ஏசி ஒன்றை இவள் சொல்லி வைத்து வாங்கி வந்தாள். அப்பாவைப் பொறுத்தவரை அந்த இரண்டும் ஒரே மெஷின். ஒன்று வயிறு, ஒன்று வாய்.

நூலு வீட்டிலுள்ள ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினான். ஃபிரிட்ஜ், ஃபேன், ஏசி. அப்பாவின் மெஷினையும் ஒரு நிமிஷத்துக்கு. விளக்கு எல்லாம் அணைத்தாயிற்று. நாலு பேரும் மீட்டர் முன்னால் நின்றோம். அப்பா மட்டும் ஸ்டூலில்.

தட்டு நின்றது.

இந்த வீட்டைக் கட்டி பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தத் தட்டு நின்று நான் பார்த்ததே இல்லை. அது நிற்கக்கூடியது என்றுகூட நான் யோசித்ததில்லை. ஆறு ஓடுகிற மாதிரி, அது பாட்டுக்கு ஓடும், நாம் பாட்டுக்குக் கட்டுவோம் என்று இருந்தேன். புள்ளி கண்ணாடிக்கு நேரே வந்து அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தது. சாவு வீட்டில் நிற்கிற மாதிரி இல்லை, குழந்தை தூங்குகிற அறையில் நிற்கிற மாதிரி இருந்தது.

"இப்ப மாமாவோட மெஷினை மட்டும் போடு," என்றாள் அவள்.

மெஷின் உறுமிற்று. நாலு விநாடிக்கு ஒரு தடவை அது விடுகிற புஸ் சத்தம் வந்தது. அப்பா குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு வலது கையால் முழங்காலில் தட்டி எண்ணத் தொடங்கினார். புள்ளி மெல்ல ஓரத்துக்குப் போய் மறைந்தது. ஐந்து. பத்து. அவர் எண்ணிக்கொண்டே இருந்தார். பதினைந்தில் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். இருபது தாண்டியது. புள்ளி வரவில்லை. இருபத்தைந்தில் அவர் தட்டுகிற கை மெதுவாயிற்று, எங்கே தப்பாக எண்ணிவிடுவோமோ என்று பயந்த மாதிரி. முப்பத்து மூன்றாவது மூச்சில் கருப்புப் புள்ளி அந்தப் பக்கத்து ஓரத்தில் தலையை நீட்டியது.

"இவ்வளவுதானா நான்?" என்றார் அப்பா.

அவர் குரலில் இருந்தது சந்தோஷமா, ஏமாற்றமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. முப்பத்தொரு வருஷம் மலையை உடைத்த மனுஷன். அவர் உயிரோடு இருப்பதற்கு இந்த உலகத்தில் ஆகிற செலவு, அந்தத் தட்டு சோம்பேறித்தனமாக ஒரு சுற்று வருவதுதான்.

"இப்ப ஏசி," என்றான் நூலு.

தட்டு பாய்ந்தது. ஆறு மூச்சில் புள்ளி வந்துவிட்டது. ஃபிரிட்ஜும் ஃபேனும் போட்டதும் ஐந்து.

"திருடன் மாட்டிக்கிட்டான். அப்ப ஏசியைத் தூக்கிப் போட்டுட்டா போச்சு," என்றேன்.

"தூக்கிப் போட்டுட்டு மத்தியானம் ஒரு மணிக்கு நீங்க இந்தக் கட்டில்ல படுத்துப் பாருங்க," என்றாள் மனைவி. "போன வாரம் மாமாவுக்கு எண்பத்து நாலு எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? மெஷின் இல்லாதது பாதி, இந்த உலை பாதி."

நூலு ஏசியையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏசின்னா ரூம் குளிர்ந்ததும் உள்ள மோட்டார் நிக்கணும். நின்னு நின்னு ஓடணும். போட்டதுல இருந்து இது நிக்கவே இல்ல." கட்டிலின் மேல் ஏறி மேற்கூரையில் உள்ளங்கையை வைத்தான். உடனே எடுத்துவிட்டான். "மச்சான், மேல என்ன அடுப்பு எரியுது?"

மாடிக்குப் போனோம். கடைசிப் படியில் அவன் நின்றுவிட்டான். எங்கள் மொட்டை மாடி ஒரு மூலை விடாமல் கருப்பு. வெயிலில் மினுமினுத்துக்கொண்டு, ஓரத்தில் லேசாக இளகி.

"யார் பண்ணின வேலை இது?"

"நான்தான்," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று ஞாபகம். "மூணு வருஷம் முன்னாடி மழையில ஒழுகுச்சு. நாலு டின் தார் அடிச்சேன். அதுக்கப்புறம் ஒரு சொட்டு உள்ள வரலை."

"தண்ணி வரலை. வெயில் வந்துருச்சு." அவன் கால் எடுத்து வைத்தான். செருப்பு ஒட்டிக்கொண்டது. கால் மட்டும் வந்தது. "வீட்டு மேல ஒரு ரோடு போட்டு வச்சிருக்கீங்க மச்சான். பஸ் மட்டும்தான் இல்ல."

பதினெட்டு வருஷம் என் கால் எதனால் வேகிறது என்று எனக்குத் தெரியும். கருப்பு எப்படி வெயிலைக் குடிக்கும் என்று என் பாதத்தைக் கேட்டால் சொல்லும். அப்படிப்பட்டவன் அதே கருப்பைக் கொண்டுவந்து அப்பாவின் தலைக்கு மேல் பரப்பி, அதன் அடியில் ஒரு ஏசியை வைத்து, பகல் முழுக்க அந்த இரண்டையும் சண்டை போட விட்டிருக்கிறேன். ஊரில் எவனும் இதைச் செய்ய மாட்டான். தார் கைக்குக் கிடைக்கிறவன் மட்டும்தான் செய்வான்.

முதலில் நான் ஒத்துக்கொள்ளவில்லை. போட்ட தாரைப் பெயர்க்க மனசு வரவில்லை. மேலே சுண்ணாம்பு அடித்தால் போதும், வெள்ளையாகிவிடும் என்றேன். இரண்டு கோட் அடித்தேன். நாலாம் நாள் தார் அடியிலிருந்து கசிந்து மாடி முழுக்க டீ நிறமாகிவிட்டது. ஆறாம் நாள் காற்றில் செதில் செதிலாகப் பறந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணி மேலெல்லாம் போய் உட்கார்ந்தது. அந்த வீட்டம்மா ஒரு போர்வையைக் கொண்டுவந்து என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனார். இவள் அதை ஆஸ்பத்திரி மெஷினில் போட்டுத் துவைத்துக் கொடுத்தாள்.

"ரோடு போடறவருக்கு ரோட்டைத் தோண்டத் தெரியாதோ?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குள் அவள் கீழே சில வேலைகளை முடித்திருந்தாள். ஃபிரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு தாளைச் சொருகி இழுத்துப் பார்த்தாள். தடையில்லாமல் வந்தது. ரப்பரை மாற்றி, சுவரோடு ஒட்டி நின்ற ஃபிரிட்ஜை ஒரு முழம் முன்னால் இழுத்து விட்டாள். கதவுக்குக் கீழே இருந்த சந்தில் பழைய துணியைச் சுருட்டித் தைத்து அடைத்தாள். மேற்கு ஜன்னலுக்கு வெளியே சாக்கு கட்டினாள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து எண்ணினார். ஐந்து ஆறாயிற்று. ஆறு ஏழாயிற்று.

"ஏழு," என்றார் என்னிடம். "பேச்சு இருபது."

நாங்கள் கெஞ்சியதில், ஒரு மாசத்துக்கு மட்டும் சுவிட்சைத் தொடாமல் இருக்கச் சம்மதித்திருந்தார். மாசத்தில் பன்னிரண்டு நாள் போய்விட்டது.

வேலைக்கு லீவு சொன்னேன். தாரைப் பெயர்க்க ஒரு நேரம் உண்டு. நூலுவுக்கு அது தெரியாது. முதல் நாள் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பத்து மணிக்கு வந்து உளியை வைத்து அடித்தான். உளி உள்ளே போய் அப்படியே நின்றது. இழுத்தால் ஜவ்வு மாதிரி நூல் நூலாக வந்தது.

"உன் பேருக்கு ஏத்த வேலை," என்றேன்.

மறுநாள் வெளுக்கும்போதே அவனை எழுப்பி மேலே கூட்டிப் போனேன். குளிரில் தார் கண்ணாடி. உளியைச் சாய்த்து வைத்து ஒரு தட்டு, கை அகலத்துக்குச் சில்லு பெயர்ந்து வந்தது. வெயில் ஏறுவதற்குள் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அவ்வளவுதான். ஐந்து விடியற்காலை அடித்தோம். ஆறாம் நாள் கீழே கான்கிரீட் தெரிந்தது. பெயர்த்ததையெல்லாம் சாக்கில் கட்டி மாடிப் படிக்கு அடியில் வைத்தேன்.

டைல்ஸுக்குச் செலவில்லை. கடையில் இறக்கும்போது உடைகிற வெள்ளை டைல்ஸைப் பின்பக்கம் மலை மாதிரி கொட்டி வைத்திருந்தார்கள். அள்ளிக்கொண்டு போனால் போதும் என்றார் கடைக்காரர். நூலுதான் பாவம். உள்ளங்கை அளவு, விரல் அளவு, மூணு மூலை, நாலு மூலை, கோணல். ஒன்றுக்கொன்று சேராது. நூல் கட்ட வழியில்லை. முதல் நாள் ஒவ்வொரு துண்டையும் கையில் வைத்துக்கொண்டு சாபம் விட்டான்.

"இதை என் மேஸ்திரி பார்த்தா என் கைய வெட்டிருவான் மச்சான்."

"கோணல் தண்ணி ஓடற பக்கம் மட்டும் இருக்கக் கூடாது. மத்தபடி எப்படி வேணா வை," என்றேன். ரோட்டுக்கு நடு மேடு, ஓரம் தாழ்வு வைக்கிற கணக்கு எனக்குத் தெரியும். ஒழுகின மூலையில் நான் சரிவு பிடித்துக் கலவை போட்டுக் கொடுத்தேன். மூணாம் நாள் அவன் சாபம் விடுவதை நிறுத்தினான். நாலாம் நாள் விசில் அடித்தான். சந்துகளில் நீர் இறங்காத பவுடர் கலந்து வெள்ளை சிமெண்ட் இழைத்தோம். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி ஊற நனைத்துக் காயவிட்டோம்.

ஒரு புதன்கிழமை. மணி ஒன்று. உச்சி வெயில். ரோட்டில் இருந்திருந்தால் கால் வெந்திருக்கும் நேரம்.

மாடிப் படியில் நின்று பார்த்தேன். கண் கூசியது. அத்தனை உடைசலும் சேர்ந்து பால் கொட்டிய மாதிரி கிடந்தது. நான் செருப்பைக் கழற்றினேன்.

நூலு, "வேணாம் மச்சான், இன்னொரு நாள் பாக்கலாம்," என்றான்.

வலது காலை வைத்தேன். உடம்பு தன்னால் பின்னுக்கு இழுத்தது. பதினெட்டு வருஷப் பழக்கம். ஆனால் கீழே சூடு இல்லை. இடது காலையும் வைத்தேன். நின்றேன். வெயில் தலையில் அடிக்கிறது, தோளில் அடிக்கிறது, பாதத்தில் இல்லை. நடந்து மாடியின் நடுவுக்குப் போனேன். இளம் சூடு. ஒரு ஆளின் கையைப் பிடித்தால் இருக்கிற சூடு. அதே சூரியன், அதே கூரை. மேலே இருந்து வந்தது அத்தனையும் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. குப்பையில் கிடந்த துண்டுகள், ஒரு மோட்டார் இல்லாமல், ஒரு வயர் இல்லாமல், சும்மா படுத்துக்கொண்டு சூரியனைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. நான் அங்கேயே குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் தரையில் வைத்தேன். ஏனென்று தெரியவில்லை, எழுந்திருக்க மனசு வரவில்லை.

"மச்சான், அழுறீங்களா?"

"வெளிச்சம்டா. கண்ணு கூசுது."

"ஆமா. எனக்கும் வெளிச்சம்தான்," என்று அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கீழே போனபோது ஏசி ஓடவில்லை. என் மனைவி அன்று மதியத்துக்கு மேல்தான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் அரை மணி ஓடியது, அப்புறம் நின்றது, ஏசி பிளக்கை மட்டும் நானே பிடுங்கிவிட்டேன் என்றாள். ஃபேன் மட்டும் சுற்றியது. அறையில் குளிர் இல்லை, ஆனால் மனுஷன் இருக்கலாம். அப்பா ஸ்டூலில் இருந்தார். மூக்கில் குழாய். விரலில் கிளிப், தொண்ணூற்று மூன்று. அவர் எங்களைப் பார்க்கவில்லை. முழங்காலில் கை தட்டிக்கொண்டிருந்தது.

நான் வாசலில் நின்றேன். மெஷின் புஸ் என்றது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. புள்ளி மறைந்து எத்தனை நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பதினெட்டு என்று அவர் உதடு அசைந்தது. பத்தொன்பது. என் மனைவி என் கையைப் பிடித்தாள். இருபது. புள்ளி இல்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு. இருபத்து நாலில் வந்தது.

அவர் இன்னொரு சுற்று எண்ணினார். நம்பிக்கையில்லாத மனுஷன். மறுபடி இருபத்து நாலு. கண்ணாடியில் விரலை வைத்து அந்தத் தட்டைத் தடவினார், மாட்டைத் தடவுகிற மாதிரி.

"எங்கடா போச்சு அவ்வளவும்?" என்றார். "இத்தனை நாளா ஓடினது எங்க போச்சு?"

"மாடி வழியா போச்சு மாமா," என்றான் நூலு.

அப்பா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போனார். படுத்தார். கூரையைப் பார்த்தபடி கரண்டியை எடுத்து ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டினார்.

ஓட்டு.

கடுங்கோடையில் மதியம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஏசி இன்னும் ஓடுகிறது. அப்போது எண்ணிக்கை குறையும். அதற்கு அப்பா சம்மதித்துவிட்டார், சராசரியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று. திங்கட்கிழமைகளில் இவள் மணிக்கணக்கைப் படிக்கிறாள். போன வாரம் நூற்றுப் பதினெட்டு, ஒரு நாளைக்குப் பதினாறுக்கும் மேல். பில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போவதில்லை.

இரண்டு தட்டுத் தட்டிய அன்றே சாயங்காலம் அப்பா கேட்டார். "படிக்கட்டுக்கு அடியில சாக்குல கட்டி வச்சிருக்கியே, அந்தத் தார் எங்க இருந்து வந்துச்சு?"

"வேலையில மிஞ்சினது."

"நாலு டின் மிஞ்சுமா?"

மிஞ்சாது. அவருக்குத் தெரியும். அவர் உடைத்த ஜல்லியை எத்தனையோ ரோட்டில் பரப்பியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டித் தெருவில், மேல் ரோடு ஒட்டுவதற்காக அடியில் தார் தெளித்தது நான்தான். பூவாளியை வேகமாக வீசினால் தெருவின் கடைசிப் பாதிக்கு மெல்லிசாகப் படும். மேலே ஜல்லித்தார் விழுந்த பிறகு யாருக்கும் தெரியாது. அப்படி மிச்சம் பிடித்ததுதான் அந்த நாலு டின். பிடிப்பு இல்லாத ரோடு முதல் மழையிலேயே மேல்தோல் உரிந்தது, இரண்டாம் மழையில் பள்ளம். அப்பாவையும் மெஷினையும் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கூட்டி வந்த அன்று அந்தப் பள்ளத்தில்தான் இறங்கி ஏறினோம். வழிக்குக் கொடுத்த சின்ன சிலிண்டரின் மூக்குக் குழாய் கழன்றுவிட்டது. "எவன்டா போட்டான் இந்த ரோட்டை?" என்று அவர் திட்டினார். நான் குழாயை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது சொன்னேன். அவர் திட்டவில்லை. கரண்டியை எடுத்தார், எதையும் தட்டாமல் கீழே வைத்துவிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் நூலுவும் அந்தச் சாக்குகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தண்ணீர்த் தொட்டித் தெருவுக்குப் போனோம். பழைய டிரம்மில் போட்டு உருக்கி, மண்ணையும் சுண்ணாம்பையும் வடித்து அளந்தேன். மூணு டின் தேறியது. ஜல்லி கலந்து பெரிய பள்ளங்களை ஒவ்வொன்றாக அடைத்து இடித்து விட்டோம். அப்பாவின் ஆட்டோ இறங்கியது உட்பட. மீதி ஒரு டின் எங்கள் கான்கிரீட்டின் துளைகளுக்குள் இறங்கி, வெள்ளை டைல்ஸுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எடுக்க முடியாது. தெருக்கோடியில், கடைசி வீட்டு வாசலில், இரண்டு பள்ளம் அப்படியே இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டித் தெருவுக்கு நான் இன்னும் ஒரு டின் தார் பாக்கி.